ஏரிக்கரையில் கசிவு, விரிசல், சரிவு: அறிகுறி பார்த்துச் சரிசெய்வது எப்படி?

வடகிழக்குப் பருவமழை தொடங்கிப் பதினைந்து நாள் ஆகிவிட்டால் எனக்கு வரும் போன் எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கும். "அண்ணே, கரைக்கு வெளிய தண்ணி வருது. ஜேசிபி சொல்லிட்டோம். மண்ணு கொட்டி அடைச்சிரலாமா?"

அடைக்க வேண்டாம். ஜேசிபி வந்தாலும் ஓரமாக நிற்கட்டும். முதலில் ஒரு கண்ணாடித் தம்ளரில் அந்தத் தண்ணீரைப் பிடித்து வெளிச்சத்தில் பாருங்கள். தெளிவாக இருந்தால் உங்களுக்கு நேரம் இருக்கிறது. கலங்கலாக இருந்தால் இதற்கு மேல் படிக்காமல் நேராக இரண்டாவது அறிகுறிக்குப் போங்கள்.

செங்கல்பட்டு, காஞ்சிபுரம் பக்கத்து ஏரிகளில் கரை வேலை எடுத்துச் செய்கிறவன் நான். மூன்று ஆள் உயரம் வரைக்குமான மண் கரைகளை மனதில் வைத்தே இதை எழுதுகிறேன். தெற்கே கண்மாய், நெல்லைப் பக்கம் குளம் என்பார்கள். கலங்கல் (ஏரி நிரம்பினால் மிச்சத் தண்ணீர் வழிகிற இடம்) அங்கே கலுங்கு, மதகு (பாசனத்துக்குத் தண்ணீர் திறக்கிற வாய்) அங்கே மடை. பெயர்தான் வேறு, கரை பழுதாகும் விதம் ஒன்றுதான். பவானிசாகர் மாதிரிப் பெரிய மண் அணைகளுக்குத் தனிப் பொறியாளர் குழுவும் அளவுக் கருவிகளும் உண்டு. 2021 அணைப் பாதுகாப்புச் சட்டமும் 15 மீட்டருக்கு மேற்பட்ட அணைகளையும், 10 முதல் 15 மீட்டருக்குள் சில நிபந்தனைகளுக்கு உட்பட்டவற்றையும்தான் கணக்கில் எடுக்கிறது. நம் ஊர் ஏரி பெரும்பாலும் அதற்குள் வராது. அதனால் கரையை நடந்து பார்க்கிற வேலை ஊர்க்காரர்கள் தலையில்தான்.

அறிகுறி 1: கரையின் வெளி அடியில் ஈரம், சேறு, தெளிந்த கசிவு

மண் கரை என்றால் கொஞ்சம் கசியத்தான் செய்யும். கசியாத கரையை நான் பார்த்ததில்லை. கசிவு எங்கே வருகிறது, எவ்வளவு வருகிறது, கூடுகிறதா என்பதுதான் கேள்வி.

*எளிய காரணம்:* அது ஏரித் தண்ணீரே இல்லை. மழைநீர் தேங்கியிருக்கலாம், பக்கத்து வயலில் பாய்ச்சியது ஊறி வந்திருக்கலாம். மழை விட்டு மூன்று நாள் கழித்துப் பாருங்கள். காய்ந்துவிட்டால் விஷயம் முடிந்தது.

*அடுத்தது:* கரையடி வடிகால் தூர்ந்திருக்கும். முன்பு கசிவு நீரை வாங்கி ஓடிய சிறு கால்வாயை யாராவது மூடி வயலோடு சேர்த்திருப்பார்கள். அதைத் தோண்டிவிட்டாலே பாதிச் சேறு காணாமல் போகும்.

*செலவு வைக்கிற காரணம்:* உள்வாயில், அதாவது ஏரியின் உள்பக்கத்தில், கரையை ஒட்டியே மண் எடுத்திருப்பார்கள். தூர்வாருகிறோம் என்று கரையடியில் ஜேசிபியை இறக்கினால், அடியில் இருந்த வண்டல் மெத்தை கிழிந்து மணல் வெளியே தெரியும். தண்ணீர் கரைக்கு அடியால் புகுந்து வரும். அந்தக் குழியைக் கோடையில் களிமண் போட்டு இடித்து நிரப்ப வேண்டும். மண் எடுப்பதென்றால் கரையை விட்டு நன்றாக உள்ளே தள்ளிப் போய் எடுங்கள். கரை உயரத்தைப் போலப் பத்து மடங்கு தள்ளி எடுப்பது என் பழக்கம்.

*சோதனை:* ஈரத்தின் எல்லையில் நான்கு குச்சி நட்டு வையுங்கள். நாளைக்கு ஈரம் குச்சியைத் தாண்டியதா என்று தெரிந்துவிடும். ஓடுகிற கசிவு என்றால் ஒரு தகரத்தை மடித்து வாய் வைத்து, பத்து லிட்டர் வாளி நிரம்ப எத்தனை நொடி ஆகிறது என்று பாருங்கள். ஏரியின் நீர் மட்டத்தையும் அதே நேரத்தில் குறித்துக்கொள்ளுங்கள். மட்டம் ஏறக் கசிவும் ஏறினால் அது இயல்பு. மட்டம் அப்படியே நிற்கக் கசிவு மட்டும் ஏறினால் உள்ளே ஏதோ திறந்துகொண்டிருக்கிறது.

*எப்போது கூப்பிடுவது:* மட்டம் மாறாமல் இரண்டு நாளில் வாளி நிரம்பும் நேரம் பாதியாகக் குறைந்தாலோ, ஈரம் கரையின் மூன்றில் ஒரு பங்கு உயரத்துக்கு மேல் ஏறினாலோ பிரிவுப் பொறியாளரை வரச் சொல்லுங்கள். ஆயக்கட்டு (ஏரி பாயும் நிலப்பரப்பு) 40 ஹெக்டேருக்கு மேல் என்றால் நீர்வளத்துறை, அதற்குக் கீழ் என்றால் ஊராட்சி ஒன்றியம். இது தெரியாமல் இரண்டு அலுவலகத்துக்கும் நடந்தே ஒரு வாரம் போன கதை நிறைய உண்டு.

அறிகுறி 2: கசிவு கலங்கி வருகிறது, ஊற்று கொப்பளிக்கிறது

இதற்கு "எளிய காரணம்" என்று ஒன்று கிடையாது. தண்ணீர் கரையின் மண்ணைத் தூக்கிக்கொண்டு வருகிறது, உள்ளே குழாய் மாதிரி ஒரு பொந்து உருவாகிக்கொண்டிருக்கிறது. 1976 ஜூன் 5 அன்று அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் டீட்டன் என்ற மண் அணையில் காலையில் கலங்கிய கசிவைப் பார்த்தார்கள். 93 மீட்டர் உயர அணை அது, முதல் முறையாக நீர் நிரப்பிக்கொண்டிருந்தார்கள். புல்டோசரை விட்டு மண்ணைத் தள்ளிப் பார்த்தார்கள். நண்பகலுக்குள் அணை போய்விட்டது. நம் ஏரிக்கரை அதில் பத்தில் ஒரு பங்கு உயரம்கூட இருக்காது. அதற்குத் தகுந்த மாதிரி நேரமும் குறைவு.

செய்ய வேண்டியது, இந்த வரிசையில்:

ஒன்று. போன். மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறை 1077, மாநிலத்துக்கு 1070. கரைக்குக் கீழே இருக்கும் வீடுகளுக்கு ஆள் அனுப்புங்கள். "பார்த்துவிட்டுச் சொல்லலாம்" என்று காத்திருக்க வேண்டாம். தப்பாகச் சொல்லி ஒரு ராத்திரித் தூக்கம் போனால் போகட்டும்.

இரண்டு. மதகுகளைத் திறந்து மட்டத்தை இறக்குங்கள். கலங்கலில் பலகையோ மணல் மூட்டையோ வைத்திருந்தால் எடுத்துவிடுங்கள்.

மூன்று. ஊற்றை அடைக்காதீர்கள். தண்ணீரை விடணும், மண்ணை மட்டும் பிடிக்கணும். ஊற்றைச் சுற்றிக் கிணற்று உறை மாதிரி மணல் மூட்டைகளை வட்டமாக அடுக்குங்கள். உள்ளே தண்ணீர் ஏற ஏற அதன் எடையே ஊற்றை அழுத்தும், வேகம் குறையும். வழிகிற தண்ணீர் தெளியும் வரை அடுக்கினால் போதும், நிற்கும் வரை அடுக்கக் கூடாது. நின்றுபோகிற அளவுக்கு அடுக்கினால் பத்தடி தள்ளி இன்னொரு இடத்தில் வாய் பிளக்கும். இதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஊர்க்காரர்கள் வெற்றி என்று கை தட்டிக்கொண்டிருந்தபோதே பக்கத்து நெல் வயலில் குமிழி விட்டது.

ஊற்று வாய் பெரிதாக இருந்தால் அதன் மேல் முதலில் பருமணல், அப்புறம் சிறு ஜல்லி, அதற்கு மேல் பெரிய ஜல்லி. இந்த வரிசை மாறக் கூடாது. கல்லை முதலில் போட்டால் சந்து வழியாக மண் போய்க்கொண்டே இருக்கும். கிரஷர் தூசி வேண்டாம், அது அடைத்துக்கொள்ளும். தண்ணீர் மணலைப் புரட்டித் தள்ளுகிற வேகம் இருந்தால் மட்டும் முதலில் கொஞ்சம் ஜல்லியைப் போட்டு வேகத்தைக் குறைத்துவிட்டு, அதன் மேல் மணலில் ஆரம்பித்து அதே வரிசையில் போடலாம்.

நான்கு. உள்பக்கத்து வாயைத் தேடுங்கள். கரை மேலிருந்து நீர்ப்பரப்பில் உமியைத் தூவினால், சுழல் இருக்கும் இடத்தை நோக்கி உமி போகும். அந்த இடத்தில் தார்ப்பாயின் ஒரு ஓரத்தில் கல் கட்டி உள்சரிவு மேல் உருட்டி இறக்கி, அதன் மேல் மணல் மூட்டை போடலாம். உள்பக்கம் அடைத்தால்தான் அடைப்பு. சுழல் பக்கத்தில் ஆளை மட்டும் தண்ணீரில் இறக்கவே கூடாது. எவ்வளவு நீச்சல் தெரிந்தவராக இருந்தாலும் சரி.

தப்பித்த பிறகு, கோடையில் இதற்கான காரணத்தைத் தேட வேண்டும். மலிவிலிருந்து ஆரம்பித்தால்: பெருச்சாளி, எலி வளை, நண்டுப் பொந்து, கறையான் புற்று. 2019 ஜூலையில் மகாராஷ்டிரத்தின் ரத்தினகிரி மாவட்டத்தில் திவரே அணை உடைந்தபோது, நண்டுதான் காரணம் என்று அமைச்சர் ஒருவர் சொல்லப்போய் ஊரே சிரித்தது. நண்டு பொந்து போடும், உண்மைதான். ஆனால் பொந்து இருக்கிற கரையைக் கவனிக்காமல் விட்டது நண்டு இல்லையே.

அடுத்தது செத்த வேர். கரையில் வளர்ந்த வேலிகாத்தானை வெட்டிவிட்டு வேரை விட்டால், நான்கைந்து வருடத்தில் அது மக்கி, வேர் இருந்த இடம் குழாய் ஆகிவிடும். பெரிய மரம் என்றால் ஏரி வற்றிய நேரத்தில் அடிவேரோடு எடுத்து, குழியைப் படிப்படியாக இடித்து நிரப்ப வேண்டும். பனை வேறு கதை. அதன் வேர் நார் நாராக இறங்கி மண்ணைப் பிடிக்கும், பெருத்து வெடிக்காது. உயிரோடு நிற்கும் பனையை நான் தொடுவதில்லை. மொட்டைப் பனையைத்தான் சந்தேகப்படுவேன்.

இவை எதுவும் இல்லையென்றால் மண்ணே கோளாறாக இருக்கலாம். சில களிமண் தண்ணீர் பட்டதும் பால் மாதிரிக் கரையும். கரையின் நடுவிலிருந்து பட்டாணி அளவு கட்டி ஒன்றை எடுத்து, கண்ணாடித் தம்ளரில் மழைநீர் அல்லது சுத்திகரித்த தண்ணீர் ஊற்றி, கலக்காமல் போட்டு வையுங்கள். பத்து நிமிடத்தில் கட்டியைச் சுற்றிப் புகை மாதிரி மேகம் பரவினால் அந்தக் கரையைப் பற்றி நீங்களும் நானும் முடிவெடுக்க முடியாது. மண் பரிசோதனைக்கூடத்துக்கு அனுப்ப வேண்டும்.

அறிகுறி 3: மதகுப் பக்கம் மட்டும் கசிகிறது

ஷட்டரை இறக்கியும் வாய்க்காலில் தண்ணீர் ஓடினால், முதலில் ஷட்டருக்கு அடியில் கட்டையோ கல்லோ சிக்கியிருக்கிறதா என்று பாருங்கள். பாதி நேரம் இதுதான். அப்புறம் ரப்பர் சீல், துருப்பிடித்த தகடு. இதெல்லாம் தண்ணீர் நஷ்டமே தவிரக் கரைக்கு ஆபத்தில்லை.

ஆபத்து எதுவென்றால், தண்ணீர் மதகுக் குழாய்க்கு உள்ளே வராமல் குழாயை ஒட்டி வெளியே வருவது. கட்டுமானமும் மண்ணும் சேருகிற இடம் எப்போதும் பலவீனம். ரோலர் அங்கே போகாது, கையால் இடித்திருக்க வேண்டும், இடித்திருக்க மாட்டார்கள். புனேவுக்கு அருகில் கட்டி முடிக்கும் தறுவாயில் இருந்த பான்ஷெத் மண் அணை 1961 ஜூலை 12 அன்று உடைந்து நகரத்துக்குள் வெள்ளம் புகுந்தது. கரைக்கு அடியில் போன நீர்ப்போக்கிக் குழாயின் கான்கிரீட்டில் கம்பி இல்லை என்பது அதில் பெரிதாகப் பேசப்பட்ட விஷயம். குழாய் விண்டால் மேலே இருக்கிற கரை உள்ளே இறங்கும்.

*சோதனை:* ஷட்டரை முழுதாக மூடிவிட்டு, வெளி வாயில் டார்ச் அடித்துப் பாருங்கள். குழாய்க்குள்ளிருந்து வருகிறதா, சிறகுச் சுவருக்கு (மதகு வாயின் இருபக்கமும் மண்ணைத் தாங்கும் சுவர்) பின்னால் இருந்து வருகிறதா? பின்னால் என்றால், மதகுக்கு நேர் மேலே கரையில் பள்ளம் விழுந்திருக்கிறதா என்றும் பாருங்கள். இரண்டும் சேர்ந்து இருந்தால் அது ஊர்க் கொத்தனார் வேலை இல்லை. சிமென்ட் பூசினால் கசிவு மறையும், பொந்து வளரும். பொறியாளரைக் கூப்பிட்டே ஆக வேண்டும். பெரும்பாலும் கரையை வெட்டி மதகையே மாற்றும் செலவில்தான் முடியும்.

அறிகுறி 4: கரை மேல் விரிசல்

விரிசல் போகிற திசையைப் பாருங்கள்.

*கன்னாபின்னாவென்று வலை மாதிரி:* கரிசல் மண் கோடையில் வெடித்தது. முழங்கால் ஆழத்துக்கு மேல் கம்பி இறங்கவில்லை என்றால் மேலே நான்கு அங்குலம் கிராவல் போட்டு மூடினால் போதும். அப்படியே விட்டால் முதல் மழைத் தண்ணீர் நேராக உள்ளே இறங்கும்.

*கரையின் நீளத்துக்கு, நேராக:* புது மண்ணும் பழைய மண்ணும் பிரிகிற கோடாக இருக்கும். இருபக்கமும் முளை அடித்து, இடைவெளியை வாரம் ஒரு முறை அளந்து எழுதுங்கள். வளராவிட்டால் கோடையில் சரிசெய்யலாம்.

*நீளத்துக்கு, ஆனால் இரு முனையும் பிறை மாதிரி சரிவுப் பக்கம் வளைந்து, ஒரு பக்கம் தாழ்ந்து:* இது விரிசல் இல்லை, சரிவின் ஆரம்பம். அடுத்த அறிகுறிக்குப் போங்கள்.

*கரைக்குக் குறுக்கே, உள்ளிருந்து வெளியே:* நான்கில் இதுதான் மோசம். தண்ணீருக்கு வழி போட்டுக் கொடுத்த மாதிரி. பெரும்பாலும் மதகுப் பக்கமோ, பழைய உடைப்பு அடைத்த இடத்திலோ வரும். பழைய உடைப்பு எங்கே என்று எந்த வரைபடத்திலும் இருக்காது. ஊர்ப் பெரியவர்களையும் நீர்க்கட்டியையும் (வயலுக்குத் தண்ணீர் பிரித்து விடுகிறவர்) கேளுங்கள், அடி அளவு பிசகாமல் காட்டுவார்கள். நீர் மட்டத்தை விரிசலின் அடிக்குக் கீழே இறக்கிவிட்டு, சுண்ணாம்புப் பாலை ஊற்றுங்கள். பிறகு தோண்டும்போது வெள்ளைக் கோட்டைப் பிடித்துக்கொண்டே போகலாம். கோடு முடிந்த பிறகும் ஒரு அடி தோண்டி, ஈரக் களிமண்ணை ஆறு அங்குலம் ஆறு அங்குலமாக இடித்து நிரப்புங்கள். கோடு ஆள் உயரத்துக்குக் கீழே போனால் தோண்டுவதை நிறுத்திவிட்டுப் பொறியாளரைக் கூப்பிடுங்கள். குழி சரிந்து ஆள் மாட்டிக்கொள்ளும்.

அறிகுறி 5: சரிவு, மண் இறங்குதல்

*உள்பக்கம் சரிந்தால்:* தண்ணீரை எவ்வளவு வேகமாக இறக்கினீர்கள் என்று கேட்பேன். மீன் குத்தகைக்காரர் மீன் பிடிக்க எல்லா மதகையும் ஒரே நாளில் திறந்துவிட்டிருப்பார். வெளியே தண்ணீர் இறங்கிவிட்டது, கரைக்குள் ஊறிய தண்ணீர் இறங்கவில்லை, கனத்த ஈர மண்ணைத் தாங்க ஆளில்லை. உடனே திறப்பைக் குறையுங்கள். சரிந்த மண்ணை அள்ளாதீர்கள், அதுதான் இப்போதைக்கு முட்டு. ஆபத்துக்காக இறக்குவது வேறு. அப்போது கரை சரிந்தாலும் பரவாயில்லை, உடையக் கூடாது.

*வெளிப்பக்கம் சரிந்தால்:* கரையடியை நடந்து பாருங்கள். வரப்பைத் தள்ளித் தள்ளி, கரையின் காலையே வெட்டி வயலாக்கியிருப்பார்கள். எளிய காரணமும் இதுதான், தீர்க்கக் கஷ்டமானதும் இதுதான். சர்வேயரும் வேண்டும், பஞ்சாயத்தும் வேண்டும். அடுத்தது கரை உள்ளே நனைந்திருப்பது.

இரண்டுக்கும் ஒரே முதலுதவி: எடையை அடியில் சேருங்கள், மேலே சேர்க்காதீர்கள். கரையடியில் முதலில் மணல் பரப்பி, அதன் மேல் கல்லும் கிராவலும் மேடை மாதிரி போட வேண்டும். இறங்கின இடத்தை மேலே மண் போட்டு நிரப்பினால், சரிகிற மண்ணின் தலையில் இன்னும் பாரம் ஏற்றுவதாக ஆகும். சரிவு கரையின் மேல்மட்ட அகலத்தில் பாதியைத் தொட்டுவிட்டால் 1077.

அறிகுறி 6: தண்ணீர் கரை மட்டத்தை நெருங்குகிறது

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. தூத்துக்குடி, நெல்லை மாவட்டங்களில் குளம் குளமாக உடைந்தது. அப்படிப்பட்ட மழைக்கு முன்னால் யாரும் ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் சாதாரண மழைக்கே வழிகிறது என்றால் காரணம் மலிவானது. கலங்கலில் யாரோ மூட்டை அடுக்கியிருப்பார்கள். போக்கு வாய்க்காலில் புதர் மண்டியிருக்கும். "ஏரி கோடி போகுது" (நிரம்பி வழிகிறது) என்று படம் எடுப்பவர்கள், போகிற தண்ணீருக்கு ஐம்பது அடி தள்ளி வழி இருக்கிறதா என்று பார்ப்பதில்லை.

இன்னொன்று, கரை தாழ்ந்திருப்பது. டிராக்டரும் மாடும் ஏறி இறங்குகிற இடத்தில் முக்கால் அடி சுலபமாகக் குறைந்துவிடும். கோடையில் டியூப் லெவல் (மட்டம் பார்க்கும் தண்ணீர்க் குழாய்) பிடித்து, பத்து மீட்டருக்கு ஒரு புள்ளி எடுங்கள். கரை எவ்வளவு உயரம் என்பது அதன் மிகத் தாழ்ந்த புள்ளிதான்.

மழை நேரத்தில் தாழ்ந்த இடத்தில் மணல் மூட்டை இரண்டு வரிசை, உள்பக்க ஓரமாக, நடுவில் தார்ப்பாய் கொடுத்து அடுக்கலாம். கரையை வெட்டிவிடலாம் என்று யாராவது மண்வெட்டியோடு வந்தால் தடுத்து நிறுத்துங்கள். வெட்டிய வாய் ஒரு அடியில் நிற்காது. அந்த முடிவை அதிகாரிதான் எடுக்க வேண்டும்.

அறிகுறி 7: போன வருடம் போட்ட மண் இந்த வருடம் காணோம்

என்னை அதிகம் கோபப்படுத்துவது இதுதான். தூர்வாரிய வண்டலை அப்படியே கரை மேல் கொட்டிச் சீவிவிட்டு, "கரை பலப்படுத்தப்பட்டது" என்று போர்டு வைப்பது. வண்டல் வயலுக்குத் தங்கம், கரைக்கு ஆகாது.

மண்ணைக் குறை சொல்வதற்கு முன், எப்படிப் போட்டார்கள் என்று பாருங்கள். ஒரு மழைக்கு அரிப்புக் கால் விழுந்திருந்தால் புல் பிடிக்கவில்லை என்று அர்த்தம், அருகம்புல் கரணை நட்டால் தீரும். பாளம் பாளமாகப் பெயர்ந்திருந்தால், பழைய சரிவைச் சுரண்டாமல், படி வெட்டாமல் மேலே போர்த்தியிருக்கிறார்கள். புல்லையும் மேல்மண்ணையும் ஒரு அடி சீவி, பழைய கரையில் படி படியாக வெட்டி, அதில் புது மண்ணை உட்கார வைத்திருக்க வேண்டும். கம்பி வைத்துக் குத்தினால் கை அழுத்தத்திலேயே ஒரு அடி இறங்குகிறதா? ரோலர் ஓடவே இல்லை, லாரியும் ஜேசிபியும் ஏறியதையே இறுக்கம் என்று கணக்குக் காட்டியிருக்கிறார்கள்.

திரும்பப் போடும்போது கூடவே நில்லுங்கள். ஒரு தடவைக்கு அரை அடிக்கு மேல் பரப்ப விடக் கூடாது. மண்ணை ஒரு பிடி அள்ளி இறுக்குங்கள். உதிர்ந்தால் தண்ணீர் போதாது. உள்ளங்கை நனைந்தால் அதிகம். உருண்டை இடுப்பு உயரத்திலிருந்து விழுந்து இரண்டு மூன்று துண்டாக உடைந்தால் ரோலரை ஓட்டச் சொல்லலாம். இது ஓட்டலாமா என்று பார்க்க மட்டும். இறுகியதா என்பதற்குக் கோர் கட்டர் சோதனை (உருளையால் மண்ணை வெட்டி எடுத்து அடர்த்தி பார்ப்பது) இருக்கிறது, ஆய்வுக்கூடத்தில் அந்த மண்ணுக்குக் கிடைத்த அதிகபட்ச உலர் அடர்த்தியில் 95 சதவீதம் வர வேண்டும். ஒப்பந்தக்காரரிடம் அந்தத் தாளைக் கேளுங்கள். தாள் இல்லாவிட்டால் பில்லில் கையெழுத்துப் போடுவதற்கு முன்பு பொறியாளரைக் கூப்பிடுங்கள், போட்ட பிறகு யாரும் வர மாட்டார்கள்.

புதுக் கரையில் முதல் தண்ணீர் ஏறும்போது வரத்து வாய்க்காலை ஒரேயடியாகத் திறக்காதீர்கள். மூன்றில் ஒரு பங்கு நிரம்பியதும் ஒரு வாரம் நிறுத்திப் பாருங்கள். அப்புறம் மூன்றில் இரண்டு, மறுபடி ஒரு வாரம். அந்த நாட்களில் ராத்திரி ஒரு முறை, விடியற்காலை ஒரு முறை, இரண்டு பேராக, டார்ச்சும் கண்ணாடித் தம்ளரும் எடுத்துக்கொண்டு வெளி அடியில் நடந்து வாருங்கள். கரை மேல் பைக்கில் போனால் எதுவும் தெரியாது.